அடுப்பை அணைத்த பிறகு கிள்ளும் இலை

தமிழ்நாட்டுப் பூச்சந்தைகளில் மல்லிகையும் சம்பங்கியும் குவிந்து கிடக்கும் இடத்துக்கு அருகிலேயே பச்சை இலைக் கட்டுகளுக்கென்று ஒரு மூலை இருக்கும். அங்கே விற்கும் மரு என்னும் சிறு இலைச் செடியைத்தான் ஐரோப்பியர்கள் மார்ஜொரம் என்ற பெயரில் இறைச்சியிலும் சூப்பிலும் போடுகிறார்கள். மரிக்கொழுந்து, பிரெஞ்சுக்காரர்கள் கோழிக்கும் முட்டைக்கும் சேர்க்கும் டாரகானுக்குத் தாயாதி முறை; இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கதம்பத்தில் இடையிடையே வைத்துக் கட்டும் திருநீற்றுப்பச்சிலையோ இத்தாலியர் பேசில் என்று கொண்டாடும் அதே சிற்றினம்தான், வகை மட்டும் வேறு. உலகின் வேறு மூலைகளில் சட்டிக்குள் போகும் இந்த இலைகளை நாம் தலையில் சூடினோம், சாமிக்குச் சாத்தினோம், முகப்பருவுக்கு அரைத்துப் பூசினோம். கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா என்ற மூன்றைத் தாண்டி வேறெந்த மண இலையையும் அன்றாடச் சமையலுக்குள் அதிகம் விடவில்லை. இது குறை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மதுரையில் ஒரு மொட்டைமாடியும் சில தொட்டிகளும் கையில் இருக்கிற எனக்கு, அந்த வழக்கத்தைச் சற்றே தளர்த்திப் பார்க்கும் ஆசை பல ஆண்டுகளாக இருந்துவருகிறது; அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பேசிலைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் அதன் இலையைக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டும். அதன் வாசனை இலைக்குள் எங்கும் பரவி இருப்பதில்லை. மேற்பரப்பில் இருக்கும் மிக நுண்ணிய சுரப்பிகளுக்குள் எண்ணெயாக அடைபட்டு இருக்கிறது. விரல் பட்டாலே சில சுரப்பிகள் உடைந்துவிடும் என்பதால்தான் செடியைக் கடந்து போகும்போது சேலை உரசினால்கூட மணம் எழுகிறது. அந்த எண்ணெயில் இத்தாலிய வகையைப் பொறுத்தவரை லினலூல், யூஜினால், சினியோல் ஆகியவை முக்கியமானவை. லினலூல்தான் நம் கொத்தமல்லி விதையின் மணத்துக்கும் பெரும்பங்கு காரணம். யூஜினால் கிராம்பின் உயிர். துளசியிலும் அது உண்டு. தாய்லாந்து வகைகளிலும் நம் பச்சிலையில் பலவற்றிலும் மேலோங்கி நிற்பது மெத்தில் சாவிகால் என்னும் வேறொரு பொருள். அதனால்தான் அவற்றைக் கசக்கினால் சோம்பின் சாயல் வருகிறது. இந்தச் சிறு வேதியியல் தெரிந்திருப்பது வெறும் அறிவுப் பெருமைக்காக அன்று. தனியாவும் மிளகும் கூடிய ரசத்தில் பேசில் ஏன் அந்நியமாகத் தெரிவதில்லை என்பதற்கும், பெருங்காயமும் வறுத்த சாம்பார்ப் பொடியும் கூடிய குழம்பில் அது ஏன் இருந்த இடம் தெரியாமல் போகிறது என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது.

நம் கை பழகிய முறை கறிவேப்பிலையின் முறை. எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, உளுந்து சிவந்ததும் ஈர இலையை உருவிப் போட்டுச் சடசடவென்று பொரிய விடுகிறோம். தடித்த, மெழுகு பூசியது போன்ற அந்த இலை சூட்டைத் தாங்கும். அதன் மணம் எண்ணெயில் இறங்கிக் குழம்பு முழுவதும் பரவும். பேசிலுக்கு இந்த மரியாதை ஒத்துவராது. அதன் மணப்பொருள்கள் நீராவியோடு எளிதில் கலந்து வெளியேறிவிடும். கொதிக்கும் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் விட்டால் வீடு முழுவதும் மணக்கும், தட்டில் மட்டும் ஒன்றும் மிஞ்சாது. அடுப்பை அணைத்து, பாத்திரத்தின் கொந்தளிப்பு அடங்கியதும், கையால் கிழித்துப் போட்டு மூடிவைக்க வேண்டிய இலை அது. கத்தி மழுங்கியிருந்தால் நறுக்கும்போதே விளிம்புகள் நசுங்கிக் கறுக்கும். காற்றுப் பட்டவுடன் வேலை செய்யத் தொடங்கும் ஒரு நொதியம்தான் காரணம், வெட்டிய கத்தரிக்காய் கறுப்பதும் இதனால்தான். புளியும் தக்காளியும் உள்ள சூடான சாற்றில் பச்சையம் தன் நிறத்தை இழந்து பழுப்பாவது இன்னொரு தனிக் கதை. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: கடைசியில் போடு, உடனே பரிமாறு.

ரசத்திலிருந்தே தொடங்கலாம். நான்கு பேருக்கு நாட்டுத் தக்காளி நான்கு, புளி வழக்கத்தில் பாதி, பருப்புத் தண்ணீர் ஒரு தம்ளர், மிளகும் சீரகமும் ஒன்றிரண்டாக இடித்தது ஒரு தேக்கரண்டி போதும். பூண்டு ஒரு பல்லைத் தாண்ட வேண்டாம், பெருங்காயம் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. வீட்டில் இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. நெய்யில் கடுகும் ஒரு மிளகாய் வற்றலும் மட்டும் தாளித்து, ரசம் நுரை கூடி வரும்போது அடுப்பை அணைத்துவிட்டு, கொத்தமல்லித் தழைக்கு மாற்றாகப் பத்துப் பன்னிரண்டு பேசில் இலைகளைக் கிழித்துப் போட்டு ஐந்து நிமிடம் மூடிவைக்கிறேன். கொத்தமல்லியும் பேசிலும் சேர்த்துப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று மழுக்குகின்றன; ஏதேனும் ஒன்றுதான் இருக்க வேண்டும். சோற்றில் பிசைந்து உண்பதைவிடத் தம்ளரில் ஊற்றிக் குடிக்க இந்த ரசம் நன்றாக இருக்கும்.

இதைவிட இயல்பாகப் பொருந்திய இடம் திருநெல்வேலிச் சொதி. தேங்காய்ப்பாலில் சோம்பு மணக்கும் இலை சேர்ப்பது தாய்லாந்தில் அன்றாட வழக்கம். அவர்களுடைய பச்சைக் கறியில் ஹொரபா என்னும் பேசில் வகை கடைசியில் விழுகிறது. நம் சொதியும் அதே தேங்காய்ப்பால், அதே பச்சை மிளகாய், இஞ்சி, கடைசியில் எலுமிச்சை. முதல் பாலை ஊற்றி, கொதி வருமுன் இறக்கி, இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் சேர்த்த பிறகு ஒரு கைப்பிடி பேசிலைப் போட்டால், தேங்காய்ப்பாலின் கொழுப்பு அந்த மணத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. மணப்பொருள்கள் தண்ணீரைக் காட்டிலும் கொழுப்பில் நன்றாகக் கரைபவை என்பதால் ரசத்தில் சில நிமிடங்களே நிற்கும் வாசனை, சொதியில் சாப்பாடு முடியும்வரை நிற்கும். இதற்குத் திருநீற்றுப்பச்சிலையே போதும். இத்தாலிய விதை தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் பச்சிலையின் காரம் கூடுதல் என்பதால் இலையின் அளவைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும்.

பேசில் என்றதும் எல்லோரும் கேட்பது பெஸ்டோவைத்தான். இத்தாலியின் வடமேற்கே லிகூரியக் கடற்கரையில் இருக்கும் ஜெனோவா நகரம் அதன் ஊர். அங்கே விளையும் பேசிலுக்கு 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர் உரிமை இருக்கிறது. நகரின் மேற்கே இருக்கும் ப்ரா பகுதியில் அதைக் கண்ணாடிக் கூடங்களில் வளர்த்து, சில அடுக்கு இலை விட்டதுமே வேரோடு பிடுங்கிச் சிறு பூச்செண்டு போலக் கட்டி விற்கிறார்கள். முற்றிய இலையில் புதினாவின் சாயல் ஏறிவிடும் என்று அவர்கள் அதை ஒதுக்குவார்கள். பளிங்கு உரலில் மர உலக்கையால் இடிப்பதுதான் மரபு: முதலில் பூண்டும் கல்லுப்பும், பிறகு பைன் பருப்பு, பிறகு இலை, கடைசியில் பார்மிஜானோ, பெக்கொரினோ ஆகிய இரு பாலாடைக் கட்டிகளும் ஆலிவ் எண்ணெயும். அம்மி வைத்திருக்கும் வீட்டில் இந்த வரிசையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், கடினமானதை முதலில் அரைத்து ஈரமானதைப் பின்னால் சேர்ப்பது துவையலின் அரிச்சுவடி. நான் கவனித்து வியந்தது வேறொன்று. ஜெனோவாக்காரர்கள் பெஸ்டோவை அடுப்பில் ஏற்றுவதே இல்லை. பாஸ்தாவோடு உருளைக்கிழங்கையும் பச்சை பீன்ஸையும் ஒரே பாத்திரத்தில் வேகவைத்து வடித்து, அந்த வெந்நீரில் ஒரு கரண்டி விட்டுப் பெஸ்டோவைத் தளர்த்தி, அடுப்புக்கு வெளியேதான் கலக்கிறார்கள்.

இங்கே பைன் பருப்பு வாங்குவது வீண் செலவு. ஐம்பது கிராம் இளம் இலைக்கு இருபது கிராம் முந்திரி, அரைப் பல் கொடைக்கானல் மலைப்பூண்டு, நாற்பது கிராம் துருவிய பார்மிஜானோ, அறுபது மில்லிலிட்டர் ஆலிவ் எண்ணெய் என்பது என் அளவு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மலைப்பூண்டுக்கு நெடி அதிகம், ஒரு முழுப் பல் போட்டால் பேசில் தோற்றுவிடும். பாலாடைக் கட்டி இல்லாத நாட்களில் இதையே துவையலாக மாற்றிவிடுவேன். வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை இரண்டு மேசைக்கரண்டி, தேங்காய்த் துருவல் அதே அளவு, பச்சை மிளகாய் ஒன்று, கல்லுப்பு, இவற்றைக் கொரகொரப்பாக அரைத்த பிறகு இலையைச் சேர்த்து இரண்டே சுற்று, இறுதியில் எலுமிச்சைச் சாறும் இரண்டு கரண்டி கடலை எண்ணெயும். நல்லெண்ணெய் மட்டும் இங்கே வேண்டாம். அதன் மணம் தானே ஒரு தனி ஆவர்த்தனம், அருகில் எதையும் பாடவிடாது. மிக்ஸியில் அரைப்பவர்கள் ஜாரை அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து, விட்டு விட்டு ஓட்டினால் சூடேறி இலை கறுப்பது குறையும். அரிசிச் சேவையில் இந்தத் துவையலைப் பிசறி, வேகவைத்த உருளையும் பீன்ஸும் சேர்த்துக் கொடுத்தால் ஜெனோவாவின் அதே கூட்டணி நம் தட்டில் அமர்ந்துவிடும். காலை உணவாக இதற்கு ஈடு எனக்குத் தெரியவில்லை.

துளசியைச் சமைப்பதுதான் வீட்டில் விவாதமாயிற்று. தாய்லாந்தின் புகழ்பெற்ற தெருவோர உணவான பாட் கப்ராவ், நாம் மாடத்தில் வைத்துச் சுற்றிவரும் அதே துளசி இனத்தைக் கொண்டு செய்வது. பூண்டும் மிளகாயும் நசுக்கி எண்ணெயில் போட்டு, கொத்திய கோழிக்கறியைக் கடுந்தீயில் புரட்டி, மீன் சாறு ஊற்றி, இறக்கும் நொடியில் ஒரு பெரிய கைப்பிடி இலையை அதில் போட்டு, சோற்றின் மேல் பொரித்த முட்டையோடு கொடுப்பார்கள். இதைச் சொன்னதும் அம்மா, "ஏண்டி, சாமிக்குப் போடுறதக் கோழிக்கறியிலயா போடுவ?" என்று கேட்டார். "அவுங்களும் சாமி கும்பிடுறவுங்கதாம்மா" என்ற என் பதில் எடுபடவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது: மாடத்துத் துளசியில் கைவைக்கக் கூடாது, மாடியில் தனித் தொட்டியில் வளரும் செடியிலிருந்து, அதுவும் காளானுக்கு மட்டும். காளானுக்கு அந்தக் கிராம்பு வாசம் மிக நன்றாகவே பொருந்துகிறது என்பதை அம்மாவும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டபோது ஒப்புக்கொண்டார், வாய்விட்டுச் சொல்லவில்லை என்றாலும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இலையைக் கடையில் வாங்கினால் என்ன என்ற கேள்வி நியாயமானது. புதினாவையும் கொத்தமல்லியையும் வாங்கலாம், தாராளமாக. பேசிலை மட்டும் வாங்கிச் சமைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெப்ப மண்டலத்துச் செடியான அதற்குக் குளிர் ஆகாது. ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே திசுக்கள் காயப்பட்டுப் பழுப்புப் புள்ளிகள் விழுந்து இலை கறுக்கத் தொடங்கும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே நான்கைந்து டிகிரிதான் இருக்கும். பேரங்காடியில் குளிரூட்டிய அலமாரியில் நெகிழிப் பெட்டிக்குள் இருக்கும் இலை அங்கேயே பாதி செத்துவிட்டது. மீதிப் பாதியை நாம் வீட்டுக் குளிரில் வைத்து முடிக்கிறோம். அப்படியே வாங்க நேர்ந்தால், காம்பின் நுனியை வெட்டிவிட்டு ஒரு தம்ளர் தண்ணீரில் பூக்களைப் போல நிறுத்திச் சமையலறை மேடையில் வெயில் படாமல் வைக்க வேண்டும். ஆனால் செடிக்கும் அடுப்புக்கும் நடுவே மாடிப்படி மட்டுமே இருக்கும்போது கிடைக்கும் மணம் வேறு. ரசம் நுரைக்கும்போது மேலே ஏறி, கிள்ளி எடுத்துக்கொண்டு இறங்கினால் பாத்திரம் சரியான சூட்டுக்கு வந்திருக்கும்.

வளர்ப்பதில் பெரிய வித்தை இல்லை, ஆனால் நம் வெயிலுக்குத் தகுந்தபடி நடந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகள் முழு வெயிலில் வை என்று சொல்வது அவர்கள் ஊர் வெயிலைப் பார்த்து எழுதியது. மதுரையில் சித்திரை, வைகாசி வெயில் நாற்பது டிகிரியை எட்டும்போது மொட்டைமாடித் தரையின் சூடும் சேர்ந்து செடி வளர்க்கும் பையின் மண்ணை அவிக்கும். காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் கிடைத்து, நண்பகலுக்குப் பிறகு நிழல்வலையின் கீழ் இருந்தால் இலை பெரிதாகவும் மென்மையாகவும் வரும்; கடும் வெயிலில் இலை சிறுத்துத் தடித்து, காரம் ஏறிவிடும். பையைத் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல்மேல் தூக்கி வைப்பது அடிச்சூட்டையும் தண்ணீர்த் தேக்கத்தையும் ஒருசேரத் தவிர்க்கும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு கலந்தால் போதும். நார்க்கழிவை முதலில் ஊறவைத்துப் பிழிந்து உப்பைக் கழுவிவிடுவது நல்லது. விதையை மண்ணுக்குள் புதைக்காமல் மேலே தூவி விரல் நுனியால் அழுத்தி, தெளிப்பானால் நனைத்தால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். அதிகம் உரம் போட்டு வளர்த்தால் இலை செழிக்கும், மணம் தளரும். இந்த ஒரு செடியை நான் சற்றுப் பசியோடுதான் வைத்திருப்பேன்.

கிள்ளுவதில்தான் செடியின் ஆயுள் இருக்கிறது. அடியிலிருக்கும் பெரிய இலைகளைப் பறித்துவிட்டுக் கொழுந்தை விட்டுவைப்பது பலருடைய பழக்கம். செடி ஒற்றைக் குச்சியாக உயர்ந்து, விரைவில் பூத்து, கட்டையாகிப் போவதற்கு அதுவே வழி. தண்டில் இலைகள் எதிரெதிராக அமைந்த கணு ஒவ்வொன்றிலும் இரண்டு துளிர்கள் உறங்கிக்கொண்டிருக்கும். கணுவுக்குச் சற்று மேலே நுனியை வெட்டினால் அவ்விரண்டும் விழித்து இரண்டு கிளைகளாகும். அவற்றையும் மூன்று கணு வளர்ந்ததும் வெட்டினால் நான்கு. சமையலுக்கு வேண்டியபோதெல்லாம் நுனியையே எடுப்பவருக்குக் கவாத்து என்று தனியாக ஒரு வேலை இல்லை. வெட்டிய நுனி மிஞ்சினால், கீழ் இலைகளை உருவிவிட்டுத் தண்ணீரில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர்விடும். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளிக்கலாம், ஆனால் அந்தக் கசப்பு இலையில் ஒட்டும் என்பதால் அடுத்த சில நாட்கள் செடியைத் தொடாமல், பிறகு நன்றாகக் கழுவித்தான் சமைக்க வேண்டும். பூச்சி குறைவாக இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதே மேல்.

மற்ற இலைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ரோஸ்மேரியும் தைமும் நீலகிரியில் பயிராகும் அளவுக்கு மலையில் மகிழ்ச்சியாக வாழ்பவை. சமவெளியில் அவற்றை நச்சரித்து வளர்ப்பதைவிடக் காய்ந்த இலையை வாங்குவதே புத்திசாலித்தனம், ஏனெனில் அவை காய்ந்தாலும் மணம் குறையாத இனம். பேசிலைக் காயவைத்தால் வைக்கோல். புதினாவுக்குக் கடையில் வாங்கிய கட்டிலிருந்து நான்கு தண்டு போதும், ஆனால் தனித் தொட்டி வேண்டும். பக்கத்துச் செடியின் மண்ணையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்துத் தூவ வேண்டும், கோடையில் அது இலை விடுமுன்பே பூக்க அவசரப்படும்.

கற்பூரவல்லிக்கு மட்டும் ஒரு பத்தி தரத்தான் வேண்டும். பஜ்ஜிக்கும் சளிக் கஷாயத்துக்கும் மட்டும் நினைவுக்கு வரும் இந்த இலையில் இருக்கும் தைமால், கார்வக்ரால் என்ற பொருள்கள்தான் ஓமத்துக்கும் பீட்சாவின் மேல் தூவும் ஓரிகானோவுக்கும் அந்த வாசத்தைத் தருகின்றன. ஆகவே ஓரிகானோ கேட்கும் எந்த இத்தாலிய, கிரேக்கச் சமையலிலும் பொடியாக அரிந்த ஒன்றிரண்டு கற்பூரவல்லி இலை தயக்கமின்றி உட்காரும். தக்காளியை ஆலிவ் எண்ணெயில் வதக்கிக் கெட்டியாக்கும்போது இதை முதலிலேயே போடலாம், அது சூட்டுக்கு அஞ்சாது. பேசில் கடைசியில் வரட்டும். மோரில் ஓர் இலையை நசுக்கிப் போட்டு, இஞ்சியும் உப்பும் சேர்த்தால் கோடைக்கு வேறு பானம் வேண்டாம். ஒரு போத்தை ஒடித்து நட்டால் வளரும், மறந்துபோய்த் தண்ணீர் விடாமல் இருந்தாலும் வளரும்.

மழைக்கு முன் செடி பெருத்து நிற்கும்போது இலை மிஞ்சும். அதை எண்ணெயோடு மட்டும் அரைத்து ஐஸ் தட்டில் உறையவைத்தால் சில மாதங்களுக்கு நிற்கும். நிறம் காக்க விரும்பினால் கொதிநீரில் ஐந்து நொடி முக்கி உடனே பனிநீரில் போட்டெடுத்து அரைக்கலாம், மணத்தில் கொஞ்சம் இழப்பு உண்டு. ஒரு எச்சரிக்கை அவசியம். பச்சைப் பூண்டையோ பச்சை இலையையோ எண்ணெயில் மூழ்கவைத்து ஊறுகாய் போல வெளியே வைப்பது ஆபத்து. காற்றில்லாத, புளிப்பில்லாத அந்தச் சூழலில் போட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளர முடியும், அதைக் கண்ணாலோ மூக்காலோ அறிய முடியாது. அழகான சீசாக்களில் இலை மிதக்கும் எண்ணெய்ப் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். பெஸ்டோ குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள், அதற்குமேல் உறைநிலைதான்.

ஐப்பசி மழையில் இலைப்புள்ளி தொடங்கிவிட்டால் நான் செடியோடு போராடுவதில்லை. அதற்கு முன்பே, புரட்டாசியில் கிள்ளுவதை நிறுத்திப் பூக்க விட்டுவிடுவேன். தேனீக்கள் வரும், கதிர் காய்ந்து பழுப்பானதும் உள்ளங்கையில் கசக்கி ஊதினால் கறுப்பு விதை உதிரும். கடையில் சப்ஜா என்று விற்பது இதே இனத்தின் விதைதான். ஒரு தேக்கரண்டியைத் தண்ணீரில் போட்டால் சில நிமிடங்களில் ஒவ்வொன்றும் வழவழப்பான உறை போர்த்துக்கொண்டு உப்பிவிடும், நன்னாரி சர்பத்தில் கலந்து குடிக்கலாம். உலர்ந்ததை அப்படியே வாயில் போடக் கூடாது, தொண்டையில் உப்பும். எடுத்ததில் பாதியைக் காகித உறையில் சுற்றி வைத்தால் தையில் விதைக்கலாம். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது வயல் பயிர்களுக்கு. இந்தச் செடிக்குத் தை மாதம்தான் தோது, மாசிக் கடைசியில் முதல் நுனியை வெட்டிவிடலாம், சித்திரைச் சொதிக்குச் செடி தயாராகிவிடும்.